இருபத்தெட்டு சென்டிமீட்டர்

அக்டோபர் 9

பட்டறை அறை இனி அத்தையின் அறை. கூடலூரில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை முடிந்தது. மேடு பள்ளம் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், காந்தி நகரில் எங்கள் தரைத்தள வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டோம். ரெசின் டப்பாக்கள், தராசு, காற்றுக் குமிழியை உறிஞ்சும் வேக்யூம் பானை எல்லாம் பின்பக்க வராந்தாவுக்குப் போய்விட்டன. வரைபலகை ஹாலில். கப்பல் மாஸ்டரை, அதாவது வார்ப்பு எடுக்கும் மூல உருவத்தை, வைக்க மட்டும் வேறு இடம் கிடைக்கவில்லை. அது அத்தையின் கட்டிலுக்கு எதிரே, அலமாரி மேலேயே இருக்கிறது.

நாளெல்லாம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலை எங்கே நின்றது என்பதே மறந்துபோகிறது. எழுதி வைத்தால்தான் பிடிபடும்.

அக்டோபர் 10

வேலை நின்ற இடம் இதுதான். கோயம்புத்தூரில் ஒருவர் தன் மொட்டைமாடி அறையில் தனுஷ்கோடித் துறையை மாதிரி ரயில் லேஅவுட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். 1:87 ஸ்கேல், 12 மில்லிமீட்டர் தண்டவாளம், நம் பழைய மீட்டர் கேஜுக்குப் பொருந்தும் அகலம். காலம் 1930களின் கடைசி. எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயில் துறைமேடை வரை வந்து நிற்க வேண்டும். பக்கத்தில் தலைமன்னார் போகும் 'இர்வின்' கப்பல் காத்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்று, மற்ற ரயில் பிரியர்களுக்காகச் சிறு தொகுதி ஒன்று. அதுதான் என் திட்டம்.

ரயில் லேஅவுட்டுக்கான கப்பல் தனி ரகம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் கப்பல் மாதிரி அடிவயிறு வரை செய்வதில்லை. தண்ணீர்க்கோட்டோடு நறுக்கிவிட்டு, தட்டையான அடியை லேஅவுட்டின் பொய்க்கடல் மேல் வைத்தால் மிதப்பதாகவே தெரியும். நெதர்லாந்தின் ஆர்டிடெக் கம்பெனி ரெசினில் வார்த்துத் தரும் துறைமுகக் கப்பல்கள் இப்படிப்பட்டவை. பிரிட்டனில் துறைமுக லேஅவுட் என்றால் 'கிளைட் பஃபர்' என்ற குட்டிச் சரக்குக் கப்பல் அடிக்கடி தலைகாட்டும். அது அழகு என்பதால் மட்டுமில்லை. கால்வாய் மடைகளுக்குள் நுழைய வேண்டி அவற்றில் பலவற்றை 66 அடிக்குள் கட்டினார்கள், அதனால் மேசையிலும் அடங்கிவிடுகிறது.

கடல் தாண்டும் பயணிக் கப்பல் அப்படி அடங்காது. நீளம் 250 அடி என்று வைத்துக்கொண்டால் 1:87-இல் கிட்டத்தட்ட 88 சென்டிமீட்டர். கோயம்புத்தூர்க்காரர் ஒதுக்கியிருப்பது 60. மொத்தத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. ரயில் பெட்டியின் கதவு ஓர் அளவு, அதே மேடையில் நிற்கும் கப்பலின் கதவு வேறு அளவு என்றால் கண் உடனே பிடித்துவிடும். கதவு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, உயிர்காப்புப் படகு என்று மனிதக் கை படும் எதுவும் 1:87-ஐ விட்டு அசையக் கூடாது. முன்முனை வளைவும் பின்புற வளைவும் கப்பலின் முகம், அவற்றைத் தொட முடியாது. மிஞ்சுவது நடு. ஒரே மாதிரி வட்ட ஜன்னல்கள் வரிசையாகப் போகும் இடம். அங்கே 28 சென்டிமீட்டரை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பாலத்தில் கண்களைக் குறைப்பதும் இதே முறைதான். பாம்பன் பழைய பாலத்துக்கு 145 கண்கள். அத்தனையையும் 1:87-இல் செய்தால் இருபது மீட்டரைத் தாண்டும். எந்த வீட்டில் வைப்பது?

முடிவு எடுப்பதற்குமுன் கண் பழக வேண்டும் என்று மாஸ்டரை முழு நீளத்தில், முன், நடு, பின் என மூன்று துண்டுகளாகச் செய்திருக்கிறேன். நடுவை உருவிவிட்டால் 60.

அக்டோபர் 14

பிசியோ வந்தார். அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை நடந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 19

நேற்றிலிருந்து மழை. வராந்தாவில் வார்த்த உயிர்காப்புப் படகுகள் அத்தனையும் பொங்கிப்போயின. பாலியூரிதேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது. காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்தாலே உள்ளே வாயு கிளம்பிப் பஞ்சாகிவிடும். அறைக்குள் இருந்தால் ஜன்னலைச் சாத்தி, ஏசியை ஓடவிட்டு வார்ப்பேன். அந்த அறையில் இப்போது ஒருவர் தூங்குகிறார். மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசாமலே சாப்பிட்டேன்.

அக்டோபர் 27

காலையில் காபி கொண்டுபோனபோது அத்தை அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ராமானுஜமா, மாப்பிள்ளை?"

"இல்லை அத்தை. இது அதுக்கு முந்தின காலத்துக் கப்பல், இர்வின்."

"நாங்க வந்தது ராமானுஜத்துல."

அவர்கள் குடும்பம் ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கல்யாணத்தின்போதே தெரியும். 1978, அத்தைக்கு அப்போது பதினாறு வயது. இத்தனை வருஷத்தில் எந்தக் கப்பல் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்கள் பேச்சு எப்போதும் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை", "உடம்பு எப்படி இருக்கு அத்தை" என்பதோடு முடிந்துவிடும்.

ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். அந்தக் கடலைக் கப்பலில் கடந்த ஒருவர் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்! உடம்பு என்ன நிறம், புகைபோக்கி எவ்வளவு உயரம், படகுகள் எந்தப் பக்கம் தொங்கின என்று அடுக்கினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"வெளியில இருந்து யாரு பாத்தா? ராவெல்லாம் கோச்சியில வந்து தலைமன்னார்ல எறங்குனோம். சுங்கத்துல மூட்டையெல்லாம் அவுத்துப் போட்டாங்க. அம்மா காதுல கெடந்தத எழுதிக்கிட்டாங்க. வரிசையில நின்னோம், பலகையில ஏறுனோம், உள்ள போயிட்டோம். ராமேஸ்வரத்துல எறங்குனா மண்டபம் கேம்ப்புக்குப் போகணும்னு வெரட்டுறாங்க. திரும்பி நின்னு கப்பல் எப்படி இருக்குன்னு பாக்க எங்க நேரம்?"

நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. அவர் காபியை ஆற்றிக் குடித்தார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 2

தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் நாள் முழுக்கப் பழைய இதழ்கள். வரைபடத்துக்கு உதவும் படம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்ததில் ஒன்று உறைத்தது.

முதலில் சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு என்றுதான் போனார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. கடல் பயணம் சில மணி நேரமாகக் குறுகியது. தென்னிந்திய ரயில்வே முதலில் விட்ட கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பிறகு வந்தவை இர்வின், கோஷன். நான்கு வைஸ்ராய்களின் பெயர், ஒரு சென்னை கவர்னரின் பெயர். தோட்டங்களுக்கு ஆள் எடுத்துப் போனதற்கு மண்டபம் முகாம்தான் வாசல். அங்கே தங்கவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அக்கரைக்கு விட்டார்கள்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. தனுஷ்கோடித் துறையே போய்விட்டது. கையெழுத்தான அந்த லட்சங்களில் கடல் வழியாக வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அதே மண்டபம் முகாமில்தான் காத்திருந்தார்கள், இந்த முறை எதிர்த்திசையில்.

கோயம்புத்தூர்க்காரரின் லேஅவுட்டில் எல்லாம் 1930களோடு நின்றுவிடும். கண்ணுக்கு அதுதான் அழகான காலம். புரிகிறது.

நவம்பர் 3

எலியட்ஸ் பீச்சுக்கு ஆட்டோவில் போய்வரலாமா என்று மனைவி கேட்டாள். "கடல்ல என்ன இருக்கு பாக்க?" என்று அத்தை திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 11

முன்பணம் கொடுத்தவர் இன்று இரண்டு முறை போன் செய்தார். பொங்கலுக்கு நண்பர்கள் வருகிறார்களாம், கப்பல் துறையில் நிற்க வேண்டுமாம். கிண்டியில் லேசர் வெட்டுபவரும் மேல்தளப் பலகைக்கு அளவு கேட்டுக்கொண்டிருக்கிறார். 60 சென்டிமீட்டர் என்று உறுதி சொன்னால் நாளைக்கே வெட்டிவிடுவார். எல்லாம் சரியாக வந்தால் கைக்கு நாலு காசு நிற்கும். மருந்துக் கடைக்கு இந்த மாதம் போன பணத்தைப் பார்த்தால் இது தேவை.

நவம்பர் 12

கைப்பிடிக் கம்பி. நிஜத்தில் ஒரு அங்குலக் குழாய் என்றால் 1:87-இல் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. ரெசினில் அந்தத் தடிமன் நிற்காது. பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். தகடு கைக்கு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அவ்வளவு நேர்த்தி. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக வேலை செய்தேன். இரவு இரண்டு மணி வரை முன்தளக் கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தேன். அத்தை இருமும் சத்தம் கேட்டு வெந்நீர் கொடுத்தேன். "தூங்கலையா"வென்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 23

நேற்று அத்தை குளியலறையில் இருந்தபோது அலமாரியிலிருந்து மாஸ்டரை இறக்கி, நடுத்துண்டை உருவி, முன்னையும் பின்னையும் சேர்த்துப் பொருத்தினேன். 60. கப்பலாகத்தான் தெரிந்தது. சற்றுக் குண்டாக இருந்தாலும் ரயில் பக்கத்தில் நின்றால் கண் ஏற்றுக்கொள்ளும். திரும்ப மேலே வைத்தேன்.

இன்று மத்தியானம் கேட்டார். "நடுவுல இருந்தத எங்க வச்சீங்க?"

மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றேன். லேஅவுட்டில் இடம் இல்லை, நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது, அங்கே ஒரே மாதிரி ஜன்னல்கள்தான், தனியாக ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். அதைக் கொண்டுவரச் சொன்னார். கொடுத்தேன். மடியில் வைத்து, கீழ் வரிசை ஜன்னல்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். கண்ணாடி போடாமல் அவருக்கு அவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"இங்கனதான் இருந்தோம்."

பிறகு அவராகவே சொன்னார். நான் நோட்டு எடுக்கவில்லை. இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

கீழே இறங்கினால் எண்ணெய் வாடை. இரும்புச் சுவர் வியர்த்துக் கிடந்தது. சாய்ந்தால் முதுகு நனைந்துவிடும். தரையில் துணி விரித்துத் தோட்டம் தோட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வாந்தி எடுத்தான். அவருடைய அப்பா குடும்பக் கார்டைச் சட்டைக்குள் வைத்து மேலே துண்டைக் கட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு கிழவி, கொண்டுவந்த இஞ்சியை எல்லோருக்கும் கிள்ளிக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு இந்தியாவில் யாருமே இல்லை, பிறந்தது வளர்ந்தது எல்லாம் தோட்டத்து லயத்தில்தான். வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒருமுறை தண்ணி, ஒருமுறை வானம். இலங்கை எந்தப் பக்கம், இந்தியா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"அப்பா மேல போயி பாக்கவானு கேட்டாரு. நான் போகல. போயிருந்தா அந்தக் கரையப் பாத்திருக்கலாம்."

பிறகு நடுத்துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "உள்ள ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, வெற்று ரெசின். ஜன்னல்களுக்குப் பின்னால் கறுப்பு அடித்திருக்கிறேன். லேஅவுட் கப்பல்கள் எல்லாம் அப்படித்தான், வெளியிலிருந்து பார்ப்பவருக்காகச் செய்பவை. "இல்ல அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 24

காலையில் மூன்று துண்டையும் சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டேன். 88.

நவம்பர் 30

ஜெர்மனியின் பிரைசர் பொம்மைகளில் தொப்பி போட்டவர், ஓவர்கோட் போட்டவர், சைக்கிளோடு நிற்பவர் என்று யாரை வேண்டுமானாலும் வாங்கலாம். சேலை கட்டி, மூட்டையோடு தரையில் உட்கார்ந்த பெண்ணை எங்கே வாங்குவது? கணினியில் நானே செதுக்கி, த்ரீடி பிரிண்டரில் எடுத்துப் பார்த்தேன். உட்கார்ந்த உருவம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. முகம் வரவில்லை. முந்தானை வந்திருக்கிறது.

ஆனால் இர்வினின் காலத்தில் தோட்டத்து மக்கள் இப்படி ஒப்பந்தத்தில் திரும்பி வரவில்லை, வேலைக்காக அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூட்டை அப்போதும் இருந்திருக்கும். உட்காரும் இடமும் கீழேதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 4

எரிச்சலான நாள். நடுப்பகுதிக் கூட்டை உள்ளே குடைந்தால் சுவர் இரண்டு மில்லிமீட்டர்தான் மிஞ்சும், வார்ப்பு எடுக்கும்போது வளைந்துவிடும். வளையாமல் இருக்கக் குறுக்குச் சட்டம் கொடுக்கலாம், ஆனால் அது ஜன்னல் வழியாகத் தெரியும். கீழ்த்தளத்தைத் தனித் துண்டாக, தண்ணீர்க்கோட்டுப் பலகையோடு சேர்த்துச் செய்து அடியிலிருந்து செருகினால் சரிப்படும். அப்போது கிட்டின் விலை ஏறும், ஒட்டும் வேலை கூடும். வாங்குபவர் அந்த வட்ட ஜன்னலுக்குள் குனிந்து பார்ப்பாரா? பலர் பார்க்கமாட்டார்கள்.

மனைவியிடம் சொன்னேன். "அம்மா இதெல்லாம் என்கிட்டகூடச் சொன்னதில்லையே" என்றாள். அதற்குமேல் கப்பலைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் 9

மச்சான் போன் செய்தான். பொங்கல் முடிந்ததும் அம்மாவைக் கூடலூருக்கு அழைத்துப்போகிறானாம். இப்போது அத்தை வாக்கர் இல்லாமல் கைத்தடியோடு நடக்கிறார். "ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருறேன் மாப்பிள்ளை" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கிண்டிக்காரரிடம் மேல்தளத்தை வெட்ட வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் மழை விட்டிருந்தது. நடுத்துண்டுக்குச் சிலிக்கோன் ஊற்றினேன். இறுக நாளைக் காலை வரை ஆகும். 88 சென்டிமீட்டர் வேண்டும் என்றால் கோயம்புத்தூர்க்காரர் தன் சரக்குக் கொட்டகையைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். அவரிடம் இன்னும் பேசவில்லை.