யோய்ச்சிக்கு ஒரு டிக்கெட்!

சப்போரோ ஸ்டேஷன்ல ரயில் ஏறினா, வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிச்சுடுங்க. பாதி வழியில தண்டவாளத்தை ஒட்டியே கடல் வரும். ஒட்டாருவில் இறங்கி குட்டி டீசல் ரயிலுக்கு மாறினால், அரை மணி நேரத்துக்குள் யோய்ச்சி. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஆப்பிள் தோட்டங்களும் மீன் வாசனையும் பனியுமா இருக்கிற சின்ன ஊர். ஸ்டேஷன் வாசல்ல நின்னாலே கல் கோட்டை மாதிரி ஒரு கேட் தெரியும். நிக்கா கம்பெனியின் விஸ்கி ஆலை!

'அடப்பாவி, லேப் இன்டர்ன்ஷிப்னு போயிட்டு சரக்கு ஃபேக்டரிக்கா போனே?'னு முறைக்காதீங்க பாஸ். நான் கெமிக்கல் இன்ஜினீயரிங். டிஸ்டிலேஷனை பேப்பர்ல மட்டும் போட்டுப் பார்த்தவன். இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க வீட்டுல விஸ்கின்னா வாசனை இல்லை, நாத்தம். அப்பா குடிச்சுட்டு வர்ற ராத்திரிகள்ல கேட் சத்தத்தைவிட அதுதான் முதல்ல ஹாலுக்கு வரும். அம்மா பேசாம டி.வி-யை அணைச்சுட்டு எழுந்து போயிடுவாங்க. ஹாஸ்டல்ல பசங்க எவ்வளவோ கூப்பிட்டும் நான் ஒரு சொட்டு தொட்டதில்லை.

உள்ளே போனா சிவப்புக் கூரை போட்ட கல் கட்டடங்கள். வரிசையா செம்புப் பானைகள். ஒவ்வொண்ணு கழுத்துலயும் வைக்கோல் புரி கட்டி, வெள்ளைக் காகிதம் தொங்க விட்டிருக்காங்க. நம்ம வொர்க்‌ஷாப்ல லேத்துக்கு ஆயுத பூஜை பொட்டு வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். இந்த ஆலையை 1934-ல் தொடங்கின மசடாகா டகெட்சுரு, பரம்பரையா சாக்கே காய்ச்சுற குடும்பத்துப் பையன். அந்தப் பழக்கம்தான் இது. 1918-ல் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனவர், 1920-ல் அங்கேயே ரீட்டான்னு ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணி ஜப்பானுக்குக் கூட்டிட்டு வந்தார். விஸ்கி முதிர வருஷக்கணக்கா ஆகுமே, அதுவரைக்கும் சம்பளத்துக்கு என்ன பண்றது? ஆப்பிள் ஜூஸ் வித்தார்! கம்பெனியோட முதல் பேரே 'ஜப்பான் பழச்சாறு'ங்கிற அர்த்தத்துலதான். முதல் விஸ்கி 1940-ல்தான் வெளியே வந்தது.

பானைக்கு அடியில நீராவிக் குழாய் இருக்கும்னு நினைச்சேன். இல்லை... நிலக்கரி! ஒருத்தர் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து கரியை அள்ளி வீசறார். எங்க புரொஃபசர் பார்த்தா ரத்தக் கண்ணீர் விடுவார். சூடு சீராவே இருக்காது. ஆனா அடிப்பிடிக்கிற அந்த லேசான தீய்ஞ்ச மணம்தான் யோய்ச்சி விஸ்கியோட அடையாளமாம்.

டூர் முடிவுல ருசி பார்க்கக் கொடுப்பாங்க. நான் ஆப்பிள் ஜூஸ் எடுத்துக்கிட்டு நழுவிட்டேன்.

ராத்திரி சப்போரோவில லேப் சீனியர் விடலை. பத்துப் பேர்கூட உட்கார முடியாத பார். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாங்க. ஜப்பான்ல 2022-லிருந்து 18 வயசுல மேஜர், ஆனா குடிக்க 20 ஆகணும். எனக்கு 20. (நம்ம ஊர்ல 21, ஞாபகம் வெச்சுக்கங்க!) இங்க் பாட்டில் மாதிரி சதுரமா, குட்டையா ஒரு பாட்டிலை எடுத்து வெச்சாங்க. 'நிக்கா ஃப்ரம் தி பேரல்'. 1985-ல் வந்த ப்ளெண்டட் விஸ்கி. மால்ட், கிரெய்ன்னு நூத்துக்கும் மேலான சரக்கைக் கலந்து, மறுபடியும் பீப்பாய்ல சில மாசம் ஊற வெச்சு, தண்ணி பெரிசா சேர்க்காம அடைக்கிறாங்க. 51.4 சதவிகிதம்! (2021-ல் வந்த விதிப்படி இதை 'ஜாப்பனீஸ் விஸ்கி'ன்னு சொல்ல முடியாதுன்னு கம்பெனியே ஒத்துக்குது. அந்த நேர்மை பிடிச்சிருந்தது.)

அதென்ன 51.4? டிஷ்யூ பேப்பர்ல கணக்குப் போட்டேன். பழைய பிரிட்டிஷ் கணக்குல, வெடிமருந்தை நனைச்சும் அது பத்திக்கிச்சுன்னா சாராயம் 'ப்ரூஃப்'. அது சுமார் 57.1 சதவிகிதம். அதுல 90 பர்சென்ட் எடுங்க, 51.4 வரும். 75 பர்சென்ட் எடுத்தா? 42.8. அப்பா பாட்டில் லேபிள்ல சின்ன வயசுலேர்ந்து பார்த்த நம்பர். பேனாவைக் கீழே வெச்சுட்டேன்.

முகர்ந்து பார்த்தேன். மூக்கு எரிஞ்சது, அதே பழைய ஹால்தான். சீனியர் ஒண்ணும் சொல்லாம நாலு சொட்டு தண்ணி விட்டார். 2017-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல செஞ்சு பார்த்த விஷயம் இது. ஆல்கஹால் அடர்த்தியா இருந்தா, புகை மணம் தர்ற குவாயகால் மூலக்கூறு உள்ளே ஒளிஞ்சுக்கும். தண்ணி சேர்ந்தா மேல்பரப்புக்கு வரும். மறுபடி மூக்கைக் கொண்டு போனேன். ஆரஞ்சுத் தோல், கிராம்பு, காய்ச்சின வெல்லம்... பின்னாடி லேசா புகை. ஒரே ஒரு மொடக்கு. நாக்கு மரத்துப்போச்சு, சூடு காது வரைக்கும் ஏறுச்சு. மீதியை சீனியர் பக்கம் தள்ளிட்டேன். அவர் அதை முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டார். யாரும் இப்படிக் குடிச்சு நான் பார்த்ததே இல்லை.

ரூமுக்கு வந்து போன் போட்டேன். அங்கே சாயங்காலம் ஆறு மணி.

"என்னப்பா சாப்பிட்ட?"

பொய் சொல்ல வரலை. சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"அதே நாத்தம்தானா?"

"இல்லம்மா. ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்துச்சு."

"ம்... சோறு சாப்பிட்டியா?"

பாட்டில் வாங்கலை. யோய்ச்சியில வாங்கின ஆப்பிள் ஜூஸ் மூணு, ஸ்வெட்டர்ல சுத்தி பெட்டிக்குள்ள இருக்கு.