ஐந்து எழுத்து அண்ணாமலை

காலியாக இருக்கும் இலையில் எவர் உட்கார்ந்தாலும் அது அவருக்கே என்பதே நம் பந்தியின் சட்டம். ஆசனந்தோறும் பெயர் அட்டை வைப்பது ஐரோப்பிய விருந்தின் சம்பிரதாயம். ஆயினும், எங்கள் பழைய மாணவர் விருந்துக்கு அட்டைகள் வேண்டும் என்று கமிட்டியார் தீர்மானித்து அந்தப் பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டபடியால், திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் அழைப்பிதழ் விற்கும் கடை ஒன்றில் 40 பெயர்களையும் முன்பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அச்சு வேலை அங்கே நடப்பதில்லை என்பதும், தெப்பக்குளத்துக்கு அப்பால் ஒரு சந்தில் கால்மிதி டிரெடில் அச்சு இயந்திரம் வைத்திருக்கும் முதியவரிடம் அது போய்ச் சேருகிறது என்பதும் ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிய வந்தது. 1910இல் ஆதிசங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்ட வாணி விலாஸ் அச்சகத்தின் ஊர்க்காரர் அந்த நண்பர். மை வாசனை என்றால் அவருக்குத் தனியொரு பக்தி. அவரே என்னை அழைத்துக்கொண்டு போனார்.

இயந்திரத்தைப் பற்றி நண்பர் செய்த பிரசங்கத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. என் கண் நிலைத்தது சாய்வாக நின்ற எழுத்துப் பெட்டியின் மேல். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு உருவங்களைப் பெரிதும் சிறிதுமாக வைத்தால் ஏறக்குறையக் காரியம் முடிந்துவிடும். தமிழிலோ கி, கீ, கு, கூ ஒவ்வொன்றும் தனி அச்சு, புள்ளி வைத்த க் தனி அச்சு, கொம்பும் காலும் தனித்தனி. அத்தனை அறைகளுக்கும் அந்த முதியவருடைய கை பாராமலே போய் வந்தது. நானும் ஆசைப்பட்டு எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை இடக்கையில் வாங்கி, என் பெயரைத் தலைகீழாக இடமிருந்து வலமாகக் கோக்க முயன்றேன். புரூஃப் எடுத்துப் பார்த்தபோது ஒரு 'ன' இருக்க வேண்டிய இடத்தில் 'ண' மூன்று சுழியோடு கம்பீரமாக வீற்றிருந்தது.

சுற்றுக்கோடு மட்டும் சட்டத்தில் நிலையாக நிற்க, 24 பாயிண்ட் எழுத்தில் கோத்த நாற்பது பெயர்களும் ஆசன வரிசைப்படி 'காலி' என்னும் தட்டில் காத்திருந்தன. ஒரு பெயர் அச்சானதும் சட்டத்தின் முடுக்கைத் தளர்த்தி, அந்த வரியை எடுத்து, அடுத்ததை வைத்து, மறுபடியும் இறுக்கி, அதாவது புதிதாக ஒரு பாரம் பூட்டி, ஓரம் சரிபார்த்து ஓர் அட்டை போட வேண்டும். கூடாரம்போல் மடிந்து நிற்பதற்கு நடுவே பித்தளை ரூலால் ஒரு கோடும் அழுத்த வேண்டும்.

"ஒரே பாரத்துல ஆயிரம் கார்டுன்னா கூலி கட்டும் சார். நாப்பது கார்டுக்கு நாப்பது பாரம்னா என்னத்தைக் கட்டும்?" என்றார் முதியவர்.

கடைக்காரர் கொடுப்பதோ நாற்பது அட்டைக்கான கூலி. நாற்பது முறை முடுக்கித் தளர்த்திய கைக்கு அவருடைய கணக்கில் பத்தி இல்லை. நான் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்திருந்தால் அதிகம். மையைக் கையால் தொடாதவன் லாபத்தையும், மையிலேயே ஊறிக் கிடப்பவன் மிச்சத்தையும் எடுத்துக்கொள்வது எந்தத் தர்ம சாஸ்திரத்தில் விதித்திருக்கிறது என்று கோபம் பொங்கியது. ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்ட நானும் அந்தக் கணக்கில் ஒரு கூட்டாளி என்ற நினைவு வந்து என் வாயை அடைத்தது.

பட்டியலில் ஓர் அண்ணாமலை இருந்தார். எண்பது கடந்தவர், இன்றும் பழைய லிபியிலேயே கையெழுத்திடுபவர். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்தை 1978இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பின், யானைத் தும்பிக்கை வைத்த 'லை'யும் கீழே சுழித்த 'ணா'வும் அச்சுக்கூடங்களிலிருந்து விடைபெற்றுவிட்டன. அண்ணாமலையின் பெயர் பழைய லிபியில் வேண்டும் என்று நான் சொன்னதும், முதியவர் பரணிலிருந்து பழைய அச்சுகள் கிடந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கிக் காகிதத்தின் மேல் கவிழ்த்தார். அவற்றை உருக்கப் போட மனம் வரவில்லையாம். புது லிபியில் ஏழு அச்சு கேட்கும் பெயர் பழையதில் ஐந்தோடு முடிந்தது.

விருந்தன்று இலையில் உப்பு விழுவதற்குள் பாதிப் பேர் தங்கள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிநேகிதர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அண்ணாமலை மட்டும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, கடைக்காரர் வழியே போகாத ஒரு சிறு தொகையோடு சந்துக்குப் போனேன். முதியவர் எழுத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். அ, ண், ம மூன்றும் பெட்டிக்குப் போயின. மற்ற இரண்டையும் மண்ணெண்ணெயில் துடைத்துப் பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டே, "வைங்க சார், கை மையா இருக்கு" என்று மேஜையைக் காட்டினார்.