வேதியியல் படித்தால் என்ன வேலை?

எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்த பிறகு, கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "ஏம்மா, மருத்துவம் கிடைக்கலையா?" என்பார் மாமா. "பரவாயில்ல, டீச்சர் ஆகலாம்" என்று ஆறுதல் சொல்வார் அத்தை. இரண்டையும் கேட்டு வந்தவள்தான் நானும். இன்று ஜொகூரில் ஒரு செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

என் வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆலைக்கு வரும் கச்சா எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, ஆல்கஹாலில் கரைத்து, இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்வரை சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். பள்ளியில் செய்த அதே டைட்ரேஷன்தான். பழம் அடிபட்டிருந்தாலோ ஆலைக்கு வரத் தாமதமானாலோ எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடிவிடும். அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை குறையும்; சில நேரம் லாரியே திரும்பிப் போகும். விற்பவர், வாங்குபவர் இருவரும் நம்புவது நாங்கள் எழுதும் அந்த ஓர் எண்ணைத்தான்.

இதன் அருமையை எனக்குப் புரிய வைத்தவர் என் பாட்டி. தோட்டத்தில் பால் வெட்டியவர். வாளிப் பாலை நிறுத்த பிறகு, கிராணி ஒரு கருவியை அதில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பாராம். ரப்பர் பாலில் உண்மையான ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மழைநீர் கலந்தால் இன்னும் குறையும். அந்த அளவை வைத்தே கூலி. பாட்டிக்கு அதை வாசிக்கத் தெரியாது. "கிராணி சொன்னதுதான் கணக்கு" என்பார். சரியா தவறா என்று கேட்கும் படிப்பு அன்று நம்மிடம் இல்லை.

இன்று அந்தப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2019-இல் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் நச்சுக்கழிவு கொட்டப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டபோது, "காற்றில் என்ன கலந்திருக்கிறது?" என்பதே பெற்றோரின் கேள்வி. அதற்குப் பதில் ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

வேலைகளுக்குக் குறைவில்லை. கையுறைத் தொழிற்சாலை, பினாங்கு, கூலிம் மின்னணு ஆலைகள், மருந்து, உணவு, அழகுப் பொருள் நிறுவனங்கள், குடிநீர்ப் பரிசோதனை, குற்றத் தடயங்களையும் ஆராயும் அரசாங்க இரசாயனத் துறை எனப் பட்டியல் நீளும்.

ஒன்றை மறைக்க வேண்டாம். தொடக்கச் சம்பளம் பொறியியலாளரின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். ஷிப்டு வேலை உண்டு. ஆராய்ச்சித் துறைக்குப் போக முதுகலையோ முனைவர் பட்டமோ தேவைப்படும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 1975-ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டப்படி, இந்நாட்டில் வேதியியலாளராகத் தொழில் செய்ய மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். அந்தப் பட்டத்தைக் கழகம் ஏற்கிறதா, தொழிற்பயிற்சி எத்தனை மாதம், மாணவர்கள் கருவிகளைத் தாங்களே இயக்குகிறார்களா என்றும் கேளுங்கள்.

பிள்ளை கெமிஸ்ட்ரி என்றால், "மருத்துவம் கிடைக்கலையா?" என்பதற்குப் பதிலாக இவற்றைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு பயனுள்ளதாக இருக்கும்.