நான் விட்ட ஒரு கழுவல்

எனக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. மாமா விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்தார். பள்ளி லீவுக்கு அங்கே போனால், களிமண்ணைத் தொட்டியில் கரைத்து, சல்லடையில் வடித்து, தண்ணீரைப் பிழிந்தெடுப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். "மண்ணுல பாதி வேலை கழுவுறதுதான் மாப்ள" என்பார்.

வேதியியல் படித்து முடித்து, மோனசைட் மணலைப் பிரிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சியில் கண்டெடுத்த அதே மணல். உள்ளங்கையில் அள்ளினால் தேன் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னும். சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள், கூடவே கதிரியக்கத் தோரியம். எல்லாமே பாஸ்பேட்டோடு இறுகிக் கிடக்கும். 1952-ல் ஆலுவாவில் ஆலை தொடங்கியபோதும் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துத்தான் இந்தப் பிடியை உடைத்தார்கள்.

எங்களுக்கும் அதே முறைதான். மாவாக அரைத்த மணலை அடர்ந்த காரத்தில் 140 டிகிரி வாக்கில் வேகவைப்போம். பாஸ்பேட் சோடியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரைந்துவிடும்; உலோகங்கள் ஹைட்ராக்சைடுச் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைக் கொதிநீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். தண்ணீர் ஆறிப்போனால் சோடியம் பாஸ்பேட் உப்பாக உறைந்து சேற்றோடேயே நின்றுவிடும்.

ஒருநாள் இரவு ஷிப்ட். தண்ணீர் சுட நேரமாயிற்று. வெதுவெதுப்பாக இருந்ததையே ஊற்றினேன். கடைசிக் கழுவலை விட்டேன். நோட்டில் எல்லாக் கழுவலும் முடிந்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தூக்கம்தான் காரணம் என்று இத்தனை வருஷமும் சொல்லிவந்தேன். அது பொய். யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்புதான்.

காலையில் சேற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். பி.எச். 3-க்கும் 4-க்கும் நடுவில் அருமண் உலோகங்கள் கரைந்து வர, தோரியம் மட்டும் அடியில் நிற்க வேண்டும். ஆனால் தங்கிப்போன பாஸ்பேட் அருமண்ணை மறுபடி பிடித்துக்கொண்டது. தெளிந்து வரவேண்டிய கரைசல் பால்போலக் கலங்கி, பாதிச் சரக்கு தோரியத்தோடு அடியில் படிந்தது. சாதாரணச் சேறாக இருந்தால் ஓரமாகக் கொட்டிவைக்கலாம். இதைக் கதிர்வீச்சுக் கணக்கோடு, முதலிலிருந்து காரத்தில் வேகவைக்க வேண்டும். என் பொய்யால் அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை நிற்கவேண்டி வந்தது எனக்கல்ல, என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு. அதை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது.

மூத்த வேதியியலர் திட்டவில்லை. மீந்திருந்த கழுவுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, நைட்ரிக் அமிலம் விட்டு, அம்மோனியம் மாலிப்டேட் நாலு சொட்டு சேர்த்து லேசாகச் சூடாக்கினார். மஞ்சள் பொடி இறங்கியது. "பாஸ்பேட் இன்னும் இருக்கு தம்பி. நோட்டுல வேற மாதிரில்ல இருக்கு" என்றார். கழுவலை விட்டதை அன்றே ஒப்புக்கொண்டேன், காரணத்தைத்தான் மறைத்தேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடும் முன் அந்த நாலு சொட்டை விட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் மறுபடி கழுவுங்கள், விடிந்தாலும் பரவாயில்லை.