சரிவிலே ஒரு முற்றம்

யாழ்ப்பாணத்து மண் சமதரை. அங்கு பிறந்து வளர்ந்தோர்க்கு முற்றமில்லாத வீடு வீடாகத் தோன்றாது. உத்தியோகம் எம்மைப் பண்டாரவளைக்குக் கொணர்ந்தபோது இல்லம் வாய்த்தது, முற்றம் வாய்க்கவில்லை. பின்கதவைத் திறந்தால் நிலம் கீழ்நோக்கி ஓடும். முப்பதடி தூரத்தில் ஒன்பதடி இறக்கம்.

துளசிக்கு நீர் வார்க்கச் சென்ற எமது அன்னையார் ஒருநாள் அச்சரிவிலே வழுக்கி வீழ்ந்தார். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திய பின்னரும் அவர் பின்வாசலைத் தாண்டவில்லை. "தம்பி, கால் வைக்க ஒரு முற்றமில்லையே" என்று அவர் கூறியது எம் நெஞ்சைச் சுட்டது.

சரிவை வெட்டிச் சமமாக்குவோம் என்று துணிந்தோம். பட்டம் பெற்ற எமக்கு எவரையும் கேட்கத் தோன்றவில்லை! வீட்டை நோக்கி நான்கடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டுவித்தோம். கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஓர் இரவு பெரும் ஓசை கேட்டது. விடிந்ததும் பார்த்தால், வெட்டிய கரை கொய்யா மரத்தோடு சரிந்து கிடந்தது. நிலத்திலே ஓடிய வெடிப்புக்கும் எமது சமையலறைச் சுவருக்கும் இடையே பத்தடியே இருந்தது.

அயலில் வாழும் முதிய மேசனார் வந்து பார்த்தார். "மலையின் காலை வெட்டிவிட்டு மலையை நிற்கச் சொல்லலாமா, ஐயா?" என்றார். நீர் ஊறிய மண்ணுக்குப் பாரம் கூடும், பிடிப்போ குறையும். அதனைத் தாங்கி நின்ற அடிமண்ணையும் அகற்றினால் அது எவ்வாறு நிற்கும்? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடிய செய்தியை அறிந்திருந்தும் இதனைச் செய்தோமே என்று நாணினோம்.

பின்னர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற்று, சரிந்த இடத்தைச் செப்பனிட்டு, மழைநீருக்கு வாய்க்கால் அமைத்தோம். மண்ணை வெட்டாமல், அதன்மேல் மரத்தாலே மேடை அமைப்பதென்று தீர்மானித்தோம்.

ஒரே மட்டத்தில் அமைத்தால் கடைசித் தூண்கள் ஒன்பதடி உயர வேண்டும். மூன்று மேடைகளாக இறக்கினாலோ எந்தத் தூணும் நிலத்துக்கு மேல் மூன்றடியைத் தாண்டாது. நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளையும் பிடித்து எம் பிள்ளைகள் மட்டம் பார்த்தனர். இட்டு நிரப்பிய மண்ணைக் கடந்து, உறுதியான மண் தென்படும்வரை குழி தோண்டி, கொங்கிரீட் அடித்தளம் இட்டோம். கறையானும் ஈரமும் அணுகாதிருக்க, அதனை நிலத்துக்கு மேல் உயர்த்தி, அதன்மேலேயே முதிரைத் தூண்களை நிறுத்தினார் தச்சர். நீர் தேங்காதவாறு பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விட்டார். மேடைக்கு மேடை ஓரமாக அவ்வாறங்குல உயரத்தில் ஆறு படிகள். முதியோர் பற்றி நடக்க மூன்றடி உயரக் கைபிடி.

அடுத்த ஆண்டு மழையும் வந்தது. நாம் உறங்காது செவிசாய்த்திருந்தோம். நீர் பலகைகளூடே வடிந்து வாய்க்கால்வழி சென்றது. புல் மூடிய நிலம் அசையவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அன்னையார் கைபிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். துளசிச் சாடி கடைசி மேடையிலே இருந்தது. நீர் வார்த்துவிட்டு எம்மை நிமிர்ந்து நோக்கினார்.

"ஒரு முற்றந்தானே தம்பி கேட்டேன். மூன்று தந்துவிட்டாய்" என்றார்.

வகுப்பறையிலும் எல்லாரையும் ஒரே மட்டத்துக்கு வெட்ட முயன்று, எத்தனை பிள்ளைகளைச் சரிய விட்டோமோ என்ற எண்ணம் அன்று எம்மைத் தொட்டது. நிலத்தின் இயல்பறிந்து படி அமைப்பவனே அதன்மேல் அச்சமின்றி நடக்கலாம்.