புன்னைவனத்து இருப்புப்பாதை

விருதுநகரில் பிரதான மார்க்கத்தை விட்டு மேற்கே பிரிந்து, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி என்று ஊர் ஊராய்த் தொட்டுச் செங்கோட்டையை அடைந்து, அங்கிருந்து மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்கைத் தாண்டியும் புனலூர் வழியாகக் கொல்லத்தில் அரபிக்கடலோரம் சென்று சேரும் இருப்புப்பாதையைப் போல, வறண்ட கரிசலையும் வெயில் புகாத ஆரண்யத்தையும் ஒரே பகற்பொழுதில் காட்டவல்ல மார்க்கம் தென்னாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகமே. இதன் மலைப்பகுதி 1904ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையிலான சமவெளித் துண்டு 1927இல்தான் அதனோடு வந்து சேர்ந்தது. எளிய வேலை பின்னால் வந்ததற்குக் காரணம், திருவிதாங்கூரின் விளைபொருளைத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவருவதில் வியாபாரிகளுக்கு இருந்த அக்கறை, கரிசல்காட்டு ஜனங்களின் சௌகரியத்தில் எவருக்கும் இல்லாமற்போனது என்றே தோன்றுகிறது.

விருதுநகரை விட்டால் ராஜபாளையம் வரை கந்தகமும் பஞ்சும் ஆலைப்புகையுமாகக் கழிகிறது. உடைமரமும் பனையும் வேம்பும் இருந்த புறம்போக்குகளைச் சீமைக்கருவேலம் கவர்ந்துகொண்டுவிட்டது. கண்ணுக்கு ஆறுதலாக மேற்கே மலைத்தொடர் மட்டும் வண்டியின் கூடவே வருகிறது. சாம்பல் நிற அணிலுக்காக ஏற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம் அம்மலையில்தான் இருக்கிறது. 2021 முதல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அதே தொடரில் பிறந்து கரிவலம்வந்தநல்லூர் வழியே வைப்பாற்றை நாடும் நிட்சேப நதியோ, ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது.

சங்கரன்கோவிலில் சற்று அதிகமாகவே நிற்க வேண்டும். அரனும் அரியும் ஒரே திருமேனியாய் நின்ற சங்கரநாராயணரையும், அந்தக் கோலத்தைக் காண வேண்டித் தவமிருந்த கோமதியம்மனையும், ஆடித்தபசுக்கு வந்து குவியும் ஜனசமுத்திரத்தையும் பற்றி எழுதியவர் பலர். அவ்வூரின் பழைய பெயரைப் பற்றி நினைப்பவர் குறைவு. தலபுராணம் இவ்விடத்தைப் புன்னைவனம் என்றே அழைக்கிறது. தல விருட்சமும் புன்னையே. தடித்துப் பளபளக்கும் இலையும், பொன்னிற மகரந்தம் நிறைந்த வெண்பூவும், கோலிக்குண்டு அளவான காயும் உடைய அம்மரம் கடற்கரையையே தாயகமாகக் கொண்டது. கடலுக்கு வெகு தூரத்தில், மழை பார்த்துப் பயிர் வைக்கும் ஒரு மேட்டில் அது வனமாக இருந்ததென்று புராணம் சொல்வதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவோரும் உண்டு. எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை நெற்றியிலும் ரணத்திலும் பூசிக்கொள்ளும் ஜனங்கள், அந்தப் புற்று ஒரு காட்டின் நடுவே கண்டெடுக்கப்பட்டது என்னும் ஐதிகத்தையும் அதனோடு சேர்த்தே பூசிக்கொள்கிறார்கள். இன்றைக்கு அவ்வூரில் வனம் இல்லை. விசைத்தறியின் ஓயாத சப்தமும், ஈரச்சாக்கு போர்த்திய கூடைகளில் மல்லிகையும் பிச்சியும் வந்திறங்கும் பூச்சந்தையும் இருக்கின்றன.

புன்னைக்கு மலையில் ஒரு சுற்றம் உண்டு. பூங்கு என்னும் அம்மரம் மேற்கு மலையின் பசுமை மாறாக் காடுகளில் கிளையின்றி நெட்டையாக ஓங்குவது. கப்பல்களின் பாய்மரத்துக்கு அதற்கு நிகரானது இல்லையென்று கண்டு வெட்டி வெட்டியே அதை அரிதாக்கினார்கள். அந்த நாசத்தைக் கண்டு கவலைப்பட்டவர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் 1820இல் சென்னையில் பிறந்த ஹியூ கிளெக்ஹார்ன் என்ற வைத்தியர். 1856இல் சென்னை ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட அவர், புதிதாக வந்த ரயில் தண்டவாளத்துக்கடியில் இடும் கட்டைகளுக்கும் எஞ்சினுக்கிடும் விறகுக்கும் எத்தனை காடு பலியாகும் என்பதை அப்பொழுதே கணக்குப் பார்த்து எச்சரித்தவர். மலைவாசிகளின் காட்டெரிப்பு வேளாண்மையைத் துரத்தியதில் அவர் காட்டிய கடுமையை மட்டும் என்னால் மெச்ச முடியவில்லை; பாய்மரத்துக்கும் தண்டவாளத்துக்கும் வெட்டியவர்களோடு ஒப்பிட்டால் ஏழை மலைவாசி செய்த பிழை எம்மாத்திரம்? அவருடைய பூர்விக நாட்டில் பழைய பைன் காட்டின் பெரும்பகுதி அழிந்து, சிறு சிறு திட்டுகளே மிஞ்சியிருந்தன. ஓநாயை வேட்டையாடித் தீர்த்தபின் அங்கே பெருகிய மான்கள், முளைத்துவரும் கன்றுகளை மேய்ந்துவிட, கிழட்டு மரங்கள் சந்ததியின்றி நின்றன. ஓய்வு பெற்று அங்கே குடியேறிய கிளெக்ஹார்ன், எடின்பரோ சர்வகலாசாலையில் வனசாஸ்திரம் போதிக்க ஏற்பாடாவதற்கு உழைத்தார். நம் காட்டில் கற்றதைத் தம் நாட்டில் கற்பித்தார் என்று சொன்னால் மிகையன்று.

பாம்புக்கோயில் சந்தையைத் தாண்டினால் மண்ணின் நிறமே மாறுகிறது. கரிசல் செம்மண்ணாகிறது, மேற்கே புளியங்குடியைச் சூழ்ந்த எலுமிச்சைத் தோட்டங்களும், கடையநல்லூரை அடுத்து வயலும் தென்னையும் தலைகாட்டுகின்றன. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், குற்றாலம் ஆகியவற்றின் மலைக்காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாயின. அக்காடு உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடும் நீரே கருப்பாநதியாகவும் சிற்றாறாகவும் இறங்கிக் குளங்களை நிரப்புகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வைட் என்ற தாவர நூலார் குற்றாலத்தில் தங்கிச் செடிகொடிகளைச் சேகரித்ததும் இந்தச் செழிப்பை நாடியே. ஆனியில் தென்காசிப் பிளாட்பாரத்தில் இறங்குபவன் முகத்தில் வந்து அறையும் குளிர்காற்று, செங்கோட்டைக் கணவாய் என்னும் மலைத்தொடரின் இடைவெளி வழியே கேரளத்து மழையின் மிச்சத்தைச் சுமந்து வருவது.

செங்கோட்டையில் வண்டியின் பின்புறத்தில் இன்னோர் எஞ்சின் வந்து கோக்கப்படுகிறது. முன்னது இழுக்கப் பின்னது தள்ள, வண்டி ஆளின் ஓட்ட வேகத்தைவிடச் சற்றே அதிகமான வேகத்தில் பகவதிபுரத்தைக் கடந்து ஏறுகிறது. சாலை புளியரைக்கு மேல் வளைந்து வளைந்து ஏறிக் கோட்டைவாசலில் எல்லையைக் கடக்க, இருப்புப்பாதையோ மலையின் வயிற்றுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குகையில் நுழைந்து ஆரியங்காவில் வெளிவருகிறது. இப்பால் வெயில், அப்பால் பாசி படர்ந்த கருங்கல் சுவர், அதில் சொட்டும் நீர், ஜன்னலை உரசும் மூங்கில். மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண்வீட்டாராக வந்திருந்து ஐயப்பனுக்குப் புஷ்கலையைக் கன்னிகாதானம் செய்து கொடுக்கும் ஆரியங்காவுக் கோயில் இங்கேதான். கழுதுருட்டியில் பதின்மூன்று கல்வளைவுகள் தாங்கும் பாலம், மீட்டர்கேஜ் காலத்துக் கொத்தனாரின் கைத்திறனுக்குச் சாட்சி. 2010இல் பழைய பாதையை மூடி அகலப்பாதை போட்டு 2018இல் மீண்டும் திறந்தபொழுதும் அப்பாலத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தென்மலைக்கு அருகே 1984இல் ஏற்பட்ட செந்துருணிச் சரணாலயம் மிருகத்தின் பெயரால் அல்லாமல் ஒரு மரத்தின் பெயரால் விளங்குகிறது. அம்மரம் மேற்கு மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், செங்கோட்டையில் பிறந்து புனலூரில் திருவிதாங்கூர் வனஇலாகாவில் உத்தியோகம் பார்த்தவன் என்பதை இம்மார்க்கத்தில் போகிறவர்கள் நினைத்துக்கொள்வது தகும்.

புனலூரில் 1877இல் முடிந்த தொங்குபாலம் கல்லடையாற்றின்மேல் இன்னும் நிற்கிறது. அதன்பின் கொட்டாரக்கரை, குண்டறை என்று ரப்பர் தோட்டமும் வீடுமாகவே வழி நீண்டு கொல்லத்தில் முடிகிறது.

ரப்பர் தோட்டத்தைத் தூரத்திலிருந்து காடு என்று எண்ணி மகிழும் பிரயாணி, வரிசை வரிசையாய் ஒரே வயதில் நிற்கும் அம்மரங்களுக்கடியில் யானைக்குத் தீனி ஏதும் இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. கணவாய்க்கு வடக்கே பெரியாற்று யானைகளும் தெற்கே அகத்தியமலை யானைகளும் கலந்து உறவாடிய வழியை, ஏழெட்டுக் கிலோமீட்டர் அகலமே உள்ள இவ்விடைவெளியில் தோட்டமும் சாலையும் தண்டவாளமும் குடியிருப்பும் சேர்ந்து ஏறக்குறைய அடைத்துவிட்டன. 1904இன் எஞ்சினியர்கள் காட்டின்மேல் கருணையால் குகை வெட்டியவர்கள் அல்லர். ஏற்றத்துக்கு அஞ்சி வெட்டினார்கள். ஆயினும் கோட்டைவாசலில் ரயில் மலைக்குள்ளே ஓடுவதால், மேலே காடு அறுபடாமல் கிடக்கிறது. நாளை இக்கணவாயில் சாலை அகலமாகத்தான் வேண்டுமென்றால், அதையும் அவ்விடத்தில் மலைக்கடியிலேயே கொண்டுபோகட்டும். செலவு அதிகமாகும் என்பார்கள், ஆகட்டும். மலைநீரை நம்பிக் குளம் வெட்டியிருக்கும் இந்தப் பக்கத்து ஜனங்களாகிய நாமே அதை முதலில் கேட்க வேண்டும்.