சுண்ணாம்புச் செவுரும் வெஸ்டர்ன் டாய்லெட்டும்

தாத்தா வீட்டை இடிக்காம, குடியிருக்கிற மாதிரி மாத்துற வேலை ஓடுது.

இன்னிக்கு கொத்தனார் அண்ணன் செவுத்தைத் தட்டிப் பாத்துட்டு,
"இதுல எவன் தம்பி சிமெண்ட் பூசினது?"ன்னார்.

சித்தப்பா பக்கத்துலதான் நின்னாரு. வாயே திறக்கல 😀

சுண்ணாம்புச் செவுரு ஈரத்தை வெளிய விட்டுடும். மேல சிமெண்ட் பூசினா உள்ளயே தங்கி, உப்புப் பூத்து, பொருக்கு பொருக்கா உதிரும்.
உதிருது. கூட்டி அள்ளிக்கிட்டு இருக்கோம்.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேல சின்னச் செங்கல்லை மூலைவாட்டமா நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை போட்டது.
எலக்ட்ரீஷியன் ட்ரில்லோட ஏணியில ஏறினதும் நான் கத்தின கத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. கட்டையில கொக்கி போட்டு ஃபேன் மாட்டிக்கலாம்யா!

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு. கண்ணாடி மேல வார்த்து, சூளையில வைக்காம, தண்ணியில போட்டு இறுக வைக்கிறது. புழங்கப் புழங்கத்தான் பளபளப்பு ஏறும். ஆசிட் ஆகாது.
இதை நான் அரைமணி நேரம் விளக்கினேன்.
"தொடைக்கப் போறது நீங்களா?"ன்னு வீட்டம்மா ஒரே வரியில முடிச்சுட்டா.

அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ரூமோட ஒட்டி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், அவ்வளவுதான். பாரம்பரியம்னு பதிவு போடுறது நான். முட்டிவலியோட ராத்திரி கொல்லைக்கு நடந்தது அவங்க.
அதனால முதல் வேலை அதுதான்.

முத்தம்தான் இன்னும் இழுபறி. கம்பி வலை போதுமா, கண்ணாடியும் போட்டு மூடணுமா?
முத்தம் வச்ச வீட்டுல இருக்கிறவங்க சொல்லுங்கப்பா, குரங்கை எப்படிச் சமாளிக்கிறீங்க?